விங்சூட் பறத்தல்: அனுபவமுள்ளவர்களின் விளக்கம் தேவை

அன்பின் குழும உறவுகளுக்கு, திருகோணமலையிலிருந்து வணக்கம்.

சுவிற்சர்லாந்தில் வாழும் என் அக்காவின் மகன் சில காலமாக விமானத்திலிருந்து பரசூட்டில் குதித்து வருகிறான்; இப்போது கைகளுக்கும் உடலுக்கும் இடையிலும் கால்களுக்கு நடுவிலும் துணிச் சிறகு தைத்த விங்சூட்டை அணிந்து, லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கின் பாறை விளிம்பிலிருந்து குதிக்க வேண்டும் என்கிறான். கோணேசர் கோயிலடியில் இராவணன் வெட்டை எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும் எனக்கும், மணிக்கு 150 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் மலையோரமாகப் பறக்கும் அந்தப் பரவசம் ஓரளவு புரியவே செய்கிறது. ஆனால், விமானத்திலிருந்து குதிப்பவரிடம் மாற்றுப் பரசூட் ஒன்று இருக்கும். பாறையிலிருந்து குதிப்பவருக்கு அதை விரிக்க உயரமும் நேரமும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. இன்றைய விங்சூட்டுக்கு வழியமைத்த பிரெஞ்சு வீரர் பட்ரிக் டி கயார்டனே 1998இல் ஹவாயில் குதித்தபோது உயிரிழந்தார்.

முதல் விங்சூட் பறப்புக்கு முன்னர் 200 குதிப்புகளாவது முடித்திருக்க வேண்டும் என்பது அமெரிக்கப் பரசூட் சங்கத்தின் விதி; இவன் அதில் பாதியைக்கூட எட்டவில்லை.

ஐரோப்பாவில் முறையாகப் பயின்றவர்கள் இங்கு இருந்தால், பாறைக் குதிப்புக்கு முன் எத்தகைய பயிற்சி அவசியம், அங்குள்ள விபத்துக் காப்புறுதி இதனை ஏற்குமா என்பவற்றைத் தயவுசெய்து அறியத் தாருங்கள். “வேண்டாம்” என்ற அறிவுரையை அக்கா ஏற்கெனவே போதியளவு வழங்கிவிட்டார்.