இஎஸ்பி32: டீப் ஸ்லீப்பிலும் 8 மில்லிஆம்ப் இழுக்கிறது, வைஃபை தொடங்கினால் ரீசெட்

கேள்வி – ஈயக்கம்பி

வெப்பநிலையும் ஈரப்பதமும் அளக்கும் சின்ன அமைப்பு. இஎஸ்பி32 (வைஃபை உள்ள மைக்ரோகன்ட்ரோலர் சிப்) டெவ்கிட் போர்டு, பிஎம்இ280 சென்சார், 2500 மில்லிஆம்ப்-மணி 18650 லித்தியம் செல் ஒன்று. செல்லின் பிளஸ் நேராக 5 வோல்ட் பின்னில். 15 நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, 4 விநாடியில் வைஃபையில் அனுப்பிவிட்டு டீப் ஸ்லீப்புக்கு (சிப்பின் பெரும்பகுதி அணைந்திருக்கும் ஆழ்தூக்கம்) போகும்.

தொல்லை இரண்டு. தூக்கத்திலும் 8 மில்லிஆம்ப் போகிறது. டேட்டாஷீட்டில் 10 மைக்ரோஆம்ப் என்றுதான் இருக்கிறது. அடுத்து, செல் 3.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதும் வைஃபை தொடங்கும் இடத்தில் பிரவுன்அவுட் (வோல்ட்டேஜ் போதவில்லை) என்று சீரியலில் காட்டிவிட்டு ரீசெட் ஆகிறது. 3.3 வோல்ட் பின்னில் 22 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டர் வைத்தும் பலனில்லை. தப்பு புரோகிராமிலா, போர்டிலா?

பதில் – ஓம்விதி

புரோகிராமை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். போர்டில் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் (வோல்ட்டேஜை 3.3க்கு இறக்கி நிலையாக வைக்கும் பாகம்) இருந்தால் இரண்டு தொல்லைக்கும் பெரும்பங்கு அதனுடையது.

அது வேலை செய்ய உள்ளே வருவது வெளியே போவதைவிட ஏறக்குறைய 1.1 வோல்ட் அதிகம் இருக்க வேண்டும். அப்படியானால் 3.3 கிடைக்க 4.4 வோல்ட் தேவை. லித்தியம் செல் முழுச் சார்ஜிலேயே 4.2 தான். செல் 3.6க்கு வரும்போது சிப்புக்குக் கிடைப்பது 2.5. பிரவுன்அவுட் காவல் வழக்கமாக 2.43 வோல்ட் அருகில் விழிக்கும். வைஃபை அனுப்பும் நொடியில் சிப் 240 மில்லிஆம்ப் வரை இழுக்கும். அந்தச் சரிவு போதும், ரீசெட்தான்.

தூக்கத்தில் போகும் மின்சாரத்துக்கும் கணக்கு இருக்கிறது. அந்த ரெகுலேட்டர் சும்மா இருக்கவே சுமார் 5 மில்லிஆம்ப் தின்னும். பவர் எல்இடி 1 கிலோஓம் வழியாக 1.3 அளவுக்கு எடுக்கும். மீதி யுஎஸ்பி-சீரியல் சிப்பும் சென்சாரும். ஒரு நாளைக்கு 192 மில்லிஆம்ப்-மணி தூக்கத்துக்கே போகிறது. விழித்து வேலை செய்ய, சராசரி 100 மில்லிஆம்ப் என்று வைத்தாலும், 11 கூட ஆகாது. செல் பன்னிரண்டு நாள் தாங்கினாலே பெரிசு.

டெவ்கிட்டை ஒட்டுப்போட்டுச் சரிசெய்வதைவிட வெறும் மாட்யூலுக்கு (ரெகுலேட்டரும் யுஎஸ்பியும் இல்லாத சிறு பலகை) போவது நல்லது. வ்ரூம்-32இ மாட்யூல், அதன் இஎன் (சிப்பை இயக்கும்) காலுக்கு 3.3 வோல்ட்டிலிருந்து 10 கிலோஓம், அதே காலிலிருந்து கிரவுண்டுக்கு 1 மைக்ரோஃபாரட், புரோகிராம் ஏற்ற ஜிபிஐஓ0 காலில் ஒரு பட்டன், அவ்வளவுதான். ஜிபிஐஓ12ஐ மட்டும் மேலே இழுத்துவிடாதீர்கள். பூட் ஆகும்போது அது உயர்ந்திருந்தால் ஃபிளாஷ் மெமரிக்கு 1.8 வோல்ட் என்று சிப் எடுத்துக்கொள்ளும், பூட்டே ஆகாது.

ரெகுலேட்டருக்கு எம்சிபி1700. சொந்தச் செலவு 1.6 மைக்ரோஆம்ப்.

பதில் – துளைப்பலகை

எம்சிபி1700 விஷயத்தில் ஒத்துப்போகவில்லை. அது 250 மில்லிஆம்ப் பாகம். எச்டி7333 எடுத்தாலும் அதே 250தான். இஎஸ்பி32க்கு 500 மில்லிஆம்ப் தரும் சப்ளை வேண்டும் என்கிறது தயாரிப்பாளரின் குறிப்பு. இஎஸ்பி32-சி3 சிப்புக்கு மாறினால் உச்ச இழுப்பு 335 வரை போகும். சிக்கனம் பார்த்து இந்த ரெகுலேட்டரைப் போட்டால் தூக்கம் நன்றாக இருக்கும், விழிப்பில் பழைய ரீசெட் திரும்பி வரும்.

எம்இ6211 போடுங்கள். 500 மில்லிஆம்ப் தரும், சொந்தச் செலவு 40 மைக்ரோஆம்ப். நாற்பதா என்று மலைக்க வேண்டாம், நாளைக்கு 1 மில்லிஆம்ப்-மணிதான் அது. விழிப்புக்கு 11 செலவாகும்போது இந்த ஒன்றைத் துரத்துவது வீண். அதன் சிஇ (இயக்கும்) காலை உள்ளீட்டோடு இணைக்க மறந்துவிடாதீர்கள், அந்தரத்தில் விட்டால் வெளியே மின்சாரம் வராது. உள்ளீடு 6 வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

அந்த 22 மைக்ரோஃபாரட் ஏன் உதவவில்லை என்பதுதான் பலரும் கவனிக்காத இடம். செராமிக் கெபாசிட்டருக்குத் தரும் எக்ஸ்5ஆர், எக்ஸ்7ஆர் என்ற குறியீடு வெப்பநிலையால் வரும் மாற்றத்தை மட்டும்தான் சொல்கிறது. மேலே நிற்கும் டிசி வோல்ட்டேஜால் மதிப்பு எவ்வளவு குறையும் என்பது அதில் இல்லை. 0603 என்ற சின்ன அளவில் 6.3 வோல்ட் 22 மைக்ரோஃபாரட் செராமிக் 3.3 வோல்ட்டில் பாதிக்கும் கீழே போய்விடும். 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். ரெகுலேட்டரால் தர முடியாத 150 மில்லிஆம்பை 1 மில்லிவிநாடிக்கு அது ஈடுகட்ட வேண்டுமென்றால் கணக்குப்படி 15 வோல்ட் சரிய வேண்டும், அதாவது ஒன்றுமே தாங்காது. 470 மைக்ரோஃபாரட் என்றால் அதே சுமைக்குச் சரிவு 0.32 வோல்ட்தான். மாட்யூலின் 3.3 வோல்ட் காலுக்கு ஒட்டியே வையுங்கள், பக்கத்தில் ஒரு 100 நானோஃபாரட்.

ஆனால் அந்த 470ஐ பாலிமர் வகையில் வாங்கிவிடாதீர்கள். சாதாரண எலக்ட்ரோலிட்டிக்கில் கசிவு வரம்பு 0.01 × மைக்ரோஃபாரட் × வோல்ட், 6.3 வோல்ட் பாகத்துக்கு 30 மைக்ரோஆம்ப் வரும், மின்சாரம் தொடர்ந்து இருந்தால் நிஜத்தில் அதைவிட நன்றாகவே குறையும். பாலிமரில் அந்த 0.01 பல சமயம் 0.2. அரை மில்லிஆம்புக்கு மேல் கசிய டேட்டாஷீட்டே அனுமதி கொடுத்திருக்கும்!

பதில் – நானோஆம்ப்

ரெகுலேட்டரே வேண்டாம் என்றால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல். 3.2 வோல்ட்டில் வெகுநேரம் அசையாமல் நிற்கும், நேராக 3.3 வோல்ட் காலில் கொடுக்கலாம். ஒரே எச்சரிக்கை: முழுச் சார்ஜில் 3.65, சிப்பின் வரம்பு 3.6. எனவே சார்ஜ் ஏறும்போது இணைப்பைக் கழற்றிவிடுங்கள், ஓய்ந்ததும் தானே இறங்கிவிடும். 18650க்கான 4.2 வோல்ட் சார்ஜரை இதற்குப் பயன்படுத்தவே கூடாது.

செல்லைக் கடைசிச் சொட்டுவரை பயன்படுத்த ஆசை என்றால் டிபிஎஸ்63900 மாதிரி புதுத் தலைமுறை பக்-பூஸ்ட் (வோல்ட்டேஜை ஏற்றவும் இறக்கவும் தெரிந்த சிப்). சொந்தச் செலவு 75 நானோஆம்ப், 1.8 முதல் 5.5 வோல்ட் வரை உள்ளீடு, 400 மில்லிஆம்ப் தரும். ஆனால் 2.5 மில்லிமீட்டர் சதுரம், கால்கள் அடியில். ஹாட் ஏர் இல்லாமல் தொட வேண்டாம். உங்கள் தேவைக்கு இது அதிகப்படி.

சென்சாரைப் பற்றி யாரும் பேசவில்லை. பல லைப்ரரிகள் பிஎம்இ280ஐ நார்மல் மோடில் ஓடவிட்டுவிடும். இஎஸ்பி32 தூங்கினாலும் அது அளந்துகொண்டே சில நூறு மைக்ரோஆம்ப் எடுக்கும். ஃபோர்ஸ்டு மோடில் வைத்தால் ஒருமுறை அளந்துவிட்டு அதுவே தூங்கிவிடும்.

கேள்வி கேட்டவர் – ஈயக்கம்பி

எம்இ6211, 470 எலக்ட்ரோலிட்டிக், வெறும் மாட்யூல் என்று போகிறேன். ஒன்று மட்டும்: மல்டிமீட்டரை மைக்ரோஆம்ப் வரிசையில் வைத்துத் தொடராக இணைத்தால் போர்டு பூட்டே ஆவதில்லை. மில்லிஆம்பில் வைத்தால் ஆகிறது, ஆனால் தூக்கத்தில் சுழி காட்டுகிறது.

பதில் – ஓம்விதி

மைக்ரோஆம்ப் வரிசையில் மீட்டருக்குள் 100 ஓம் அளவில் ஷன்ட் (மின்சாரத்தை அளக்க உதவும் மின்தடை) இருக்கும். அதன் வழியே 200 மில்லிஆம்ப் போக 20 வோல்ட் வேண்டும், செல்லில் இருப்பது 4. மீட்டரின் இரண்டு முனைகளுக்கு இடையே ஒரு சுவிட்சைப் போட்டு மூடி வையுங்கள். பூட் ஆகி, அனுப்பி, தூங்கிய பிறகு திறந்து அளவைப் படியுங்கள், அடுத்த விழிப்புக்கு முன் மறுபடி மூடிவிடுங்கள். சோதிக்கும்போது தூக்க நேரத்தை ஒரு நிமிடமாக வைத்துக்கொள்ளுங்கள். 470ஐப் புதிதாகப் போட்டவுடன் படிக்காதீர்கள், கசிவு அடங்கச் சில நிமிடம் பிடிக்கும்.

60 மைக்ரோஆம்ப் பக்கம் காட்டினால் தூக்கத்தை விட்டுவிட்டு அந்த 4 விநாடியைக் குறையுங்கள். நிலையான ஐபி கொடுங்கள், ரூட்டரின் சேனலையும் பிஎஸ்எஸ்ஐடியையும் (ரூட்டரின் வைஃபை முகவரி) தூக்கத்திலும் அழியாத ஆர்டிசி மெமரியில் வைத்து அடுத்த முறை தேடாமல் இணையுங்கள். ஒரு விநாடிக்குக் கொண்டுவந்தால் விழிப்புச் செலவு 11லிருந்து 3க்குக் கீழே வரும். செல் 3.3 வோல்ட்டைத் தொட்டால் அனுப்பாமலே தூங்கச் சொல்லுங்கள். செல்லின் பாதுகாப்புச் சிப்பை நம்ப வேண்டாம், டிடபிள்யூ01 வகை துண்டிப்பதே 2.4 வோல்ட்டில்தான்.