புதுப்பிப்பு: அம்மாவின் முதுகு எக்ஸ்ரே விவகாரம்

போன வாரம் எழுதியது இதுதான்: கைரோபிராக்டர் (முதுகெலும்பைக் கையால் சரிசெய்து வலிக்குச் சிகிச்சை தருபவர்) எழுதிக் கொடுத்த சீட்டோடு தண்டையார்பேட்டையில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு அம்மாவை அழைத்துப் போனேன், எக்ஸ்ரே எடுக்காமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சீட்டை இப்போது நிதானமாகப் பார்த்தேன். மேலே முதுகெலும்புப் படம், கீழே கையெழுத்து. பதிவு எண் எங்கேயும் இல்லை. கவுன்டரில் இருந்த பெண் தேடியதும் அதைத்தான். அன்றைக்கு அவரிடம் எகிறியது என் தப்பு.

விசாரித்ததில், நம் நாட்டில் கைரோபிராக்டருக்கென்று தனிச் சட்டமோ பதிவு கவுன்சிலோ கிடையாது. அப்புறம் அவர் சீட்டுக்கு எந்தச் சட்டம் பலம் கொடுக்கும்?

"இங்கே அவங்களே எழுதுறாங்களே மாமா" என்று மெல்போர்னிலிருந்து அக்கா மகள் கேட்டாள். உண்மைதான். ஆஸ்திரேலியாவில் பதிவு பெற்ற கைரோபிராக்டர் முதுகெலும்புக்குச் சில எக்ஸ்ரேக்கள் எழுதலாம், மெடிகேர் என்ற அந்த நாட்டு அரசுக் காப்பீட்டுப் பணமும் கிடைக்கும், எம்.ஆர்.ஐ. எழுதினால் கிடைக்காது. பிரிட்டனில் 1994 சட்டப்படி பதிவு உண்டு, 2017 கதிர்வீச்சு விதிகளின்படி பதிவு பெற்றவர் பரிந்துரைக்கலாம். அமெரிக்காவில்தான் வேடிக்கை: முதுகெலும்பைக் கையால் சரிசெய்ய அங்கே அதே பெயரில் உள்ள வேறொரு அரசுக் காப்பீடான மெடிகேர் பணம் தரும், அதே கைரோபிராக்டர் எழுதும் எக்ஸ்ரேக்குத் தராது.

சரி, அம்மா? பழைய வண்ணாரப்பேட்டையில் ஓர் எலும்பு மருத்துவரிடம் காட்டினோம். குனியச் சொன்னார், காலைத் தூக்கிப் பார்த்தார், கட்டை விரலை அழுத்திப் பார்த்தார். எக்ஸ்ரே இப்போதைக்கு வேண்டாமாம். கால் மரத்தாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ உடனே வரச் சொன்னார்.

கைரோபிராக்டருக்குக் கட்டிய மீதி மூன்று சிட்டிங் பணத்தை இன்னும் கேட்கவில்லை. அம்மா கேட்கவிடமாட்டேன் என்கிறார்.