கான்பெராவில் ஜடேஜாவுக்குப் பிசியோ வந்தாரா?

புதுவயல் பொடியன்: 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் டி20 தொடரைக் குறுக்கு வழியில் ஜெயித்தோம் என்று பள்ளத்தூர் அண்ணன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அடிலெய்டில் 36 ரன்னுக்குச் சுருண்ட அணி அதே பயணத்தில் பிரிஸ்பேனின் காபா மைதானத்தில் 328 ரன் இலக்கை விரட்டிப் பிடித்தது. அதெல்லாம் இவர் கண்ணில் படாது.

பள்ளத்தூரான்: தம்பி, காபா டெஸ்ட். நான் பேசுவது கான்பெராவில் நடந்த முதல் டி20. கடைசி ஓவரில் ஸ்டார்க் பந்து ஜடேஜா ஹெல்மெட்டில் பட்டது, அடிபட்டால் ஓடிவந்து பார்க்கிற அணியின் பிசியோ உள்ளே வரவில்லை, அவர் பாட்டுக்கு 44 ரன்னோடு அவுட் ஆகாமல் வெளியே போனார், அப்புறம் பார்த்தால் பதினொருவரில் இல்லாத சாஹல் பந்தோடு நிற்கிறார். 3 விக்கெட், ஆட்ட நாயகன். ஜெயித்ததோ 11 ரன்னில்! பிசியோ வந்தாரா?

செக்காலை சிக்ஸர்: தலையில் பட்ட அடி சில நேரம் மெதுவாகத்தான் தெரியும். தலையில் அடிபட்டவருக்குப் பதில் இன்னொருவர் முழுசாக ஆடலாம் என்று விதியே இருக்கிறது. 2019 லார்ட்ஸ் டெஸ்டில் அப்படித்தான் ஆஸ்திரேலியாவின் ஸ்மித்துக்குப் பதில் லபுஷேன் இறங்கினார். அந்த விதியில் முதன்முதலில் ஆள் மாற்றியதே ஆஸ்திரேலியாதான். அப்போது மட்டும் இனித்ததா?

பள்ளத்தூரான்: ஸ்மித்தை உடனே வந்து பார்த்தார்கள். ஜடேஜாவுக்குப் பிசியோ வந்தாரா?

புதுவயல் பொடியன்: அடுத்த 2 டி20-யிலும் ஜடேஜா ஆடவே இல்லையே அண்ணே.

பள்ளத்தூரான்: அன்றைக்குத் தொடைத் தசையும் பிடித்துக்கொண்டது. தொடைக்கு ஆள் மாற்றினால் மாற்றாக வந்தவர் பந்து போட முடியாது, தலைக்கு மாற்றினால் போடலாம். கணக்குப் புரிகிறதா?

கானாடுகாத்தான் ஆச்சி: அதே ஆட்டத்தில் நடராஜனும் 3 விக்கெட் எடுத்தார். வலைப்பயிற்சிக்குப் பந்து போடப் போன சின்னப்பம்பட்டிப் பிள்ளை, ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமானார். அதைப் பேச இங்கே ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

பள்ளத்தூரான்: ஆச்சி, நடராஜனை நான் குறை சொல்லவில்லை. பிசியோவைப் பற்றித்தான் கேட்கிறேன். ஒருநாள் தொடரில் 374, 389 என்று ரன்னை அள்ளிக் கொடுத்துத் தோற்றதையும் மறந்துவிட வேண்டாம்.

செக்காலை சிக்ஸர்: இதைப் பேச அண்ணனுக்குத் தகுதி உண்டா? போன சித்திரையில் வறண்ட கண்மாய்க்குள் நடந்த டென்னிஸ் பால் ஆட்டத்தில் முட்டி வலி என்று தனக்குப் பதில் ஓட ஒரு ரன்னர் வாங்கி ஆடியவர் யார்? ஜெயித்ததும் கோப்பையைத் தூக்கிக்கொண்டு குதித்தவர் யார்?

பள்ளத்தூரான்: அந்த முட்டியின் ஸ்கேன் படம் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. அன்றைக்கு அம்பயர் உன் மச்சான், நடுஸ்டம்புக்கு வந்த பந்தை வைட் என்றவர். அதையும் எழுது.

செக்காலை சிக்ஸர்: மச்சானை இழுக்காதீர்கள்.

புதுவயல் பொடியன்: ரன்னர் ஓடும்போது நீங்களும் கூடவே ஓடினீர்களே அண்ணே.

பள்ளத்தூரான்: அது பழக்க தோஷம். பிசியோ வந்தாரா, அதற்குப் பதில் சொல்லு.