சிறைச்சாலைக்குப் பிறகு ஒலிக்கும் தொலைபேசி

'தி வாக்கிங் டெட்' காமிக்ஸ் தொடரில் தங்களை உலுக்கிய இடமாக, வில்லன் நீகன் தன் மட்டையால், நாயகன் ரிக்கின் கூட்டத்தைச் சேர்ந்த கிளென்னை அடித்துக் கொல்லும் 100-ஆவது இதழையே நண்பர்கள் பலரும் இங்கு குறிப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கங்களின் கொடூரம் எனக்கும் தாங்கவில்லை. ஆனால், இது வெறும் ஜாம்பி கதையன்று, உற்றாரை இழந்தவர்களின் கதை என்று நான் உணர்ந்த இடம் அதற்கு வெகு முன்பே, ஒருவரும் சாகாத ஒரு காட்சியில் வந்துவிட்டது.

நான் வாசித்தது மாத இதழ்களாக அன்று. 48 இதழ்களை ஒன்றாகக் கட்டிய, ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் பெருந்தொகுப்பாக. 2003 அக்டோபரில் இமேஜ் காமிக்ஸ் தொடங்கிய இத்தொடரை எழுதியவர் ராபர்ட் கிர்க்மன். முதல் ஆறு இதழ்களை டோனி மூரும், ஏழாவது முதல் இறுதிவரை சார்லி அட்லார்டும் வரைந்தனர். கென்டக்கியைச் சேர்ந்த காவலர் ரிக் கிரைம்ஸ் கோமாவிலிருந்து விழித்து, செத்தவர்கள் எழுந்து நடமாடும் உலகில் மனைவி லோரியையும் மகன் கார்லையும் தேடிப் புறப்படுவதில் தொடங்கும் முதல் தொகுப்பு, அவர்கள் அடைக்கலம் புகுந்த சிறைச்சாலை, 'கவர்னர்' என்று அழைக்கப்படும் கொடுங்கோலனின் படையிடம் வீழ்வதில் முடிகிறது. கைக்குழந்தை ஜூடித்தை மார்போடு அணைத்தபடி ஓடும் லோரி, பின்னாலிருந்து சுடப்பட்டுக் குழந்தையின் மேலேயே விழுகிறாள். ஆணைக்குக் கட்டுப்பட்டுச் சுட்ட பெண், தான் கொன்றது ஒரு சிசுவையும்தான் என்று கண்டதும் துப்பாக்கியைக் கவர்னர் பக்கமே திருப்புகிறாள். அதைப் படித்தபின் அடுத்த தொகுப்பைக் கையில் எடுக்க எனக்குப் பல வாரங்கள் ஆயின.

அந்த அடுத்த தொகுப்பில்தான் நான் சொல்லவந்த காட்சி இருக்கிறது. தகப்பனும் மகனும் மட்டும் ஆளில்லா வீடுகளில் ஒதுங்கிக் கிடக்கும் நாள்களில், ஒரு வீட்டில் தொலைபேசி மணி அடிக்கிறது. ரிக் எடுக்கிறான், மறுமுனையில் ஒரு பெண்குரல். மின்சாரமே இல்லாத உலகில் மணி எப்படி அடிக்கும் என்று யோசிக்கக்கூடத் தோன்றாமல், அவனைப் போலவே நானும் அந்தக் குரலை நம்பினேன். அது லோரியின் குரல் என்றும், தொலைபேசிக்கு இணைப்பே இல்லை என்றும் பிறகுதான் தெரிகிறது. தெரிந்த பின்னும் அவன் அதைத் தூக்கி எறிவதில்லை. பைக்குள் வைத்து உடன் எடுத்துச் செல்கிறான். என்னை வளர்த்த பெரியம்மா காலமாகி நெடுநாள் ஆகியும் அவருடைய எண்ணைக் கைப்பேசியிலிருந்து அழிக்க மனம் வராமல் இருந்த எனக்கு, ரிக்கின் செய்கை பைத்தியக்காரத்தனமாகத் தெரியவே இல்லை. அவன் இறந்த மனைவியோடு பேசுவதைக் கண்டுகொள்ளும், அவனது கூட்டத்துப் பெண்ணான மிஷோன் முகம் சுளிக்காமல், தானும் இறந்துபோன தன் காதலனோடு பேசுவதாகச் சொல்லும் இடத்தில் என்னையறியாமல் அழுதுவிட்டேன்.

2019 ஜூலையில் 193-ஆவது இதழோடு, முன்னறிவிப்பே இல்லாமல் தொடரை முடித்தது குறித்துச் சிலர் இங்கு வருந்தியிருந்தார்கள். வராத இதழ்களுக்கும் அட்டைப்படம் காட்டி முடிவை மறைத்ததில் எனக்கு வருத்தமில்லை. இத்தொடரில் எந்தச் சாவும் சொல்லிக்கொண்டு வந்ததில்லை. 192-ஆவது இதழில் ரிக் இறந்தபின் பல ஆண்டுகள் கடந்துசெல்லும் அந்த இறுதி இதழில், கிளென்னின் மகன் ஹெர்ஷல் நடைப்பிணங்களைக் காட்சிக்கு வைத்து ஊர் ஊராகப் பிழைக்கிறான்; ஹெர்ஷலின் உடைமையான அவற்றைக் கொன்றதற்காகக் கார்ல் நீதிமன்றத்தில் நிற்கிறான். தகப்பன் முகத்தையே பார்த்திராத மகனுக்குப் பிணம் வேடிக்கைப் பொருளாகிவிட்டதையும், தாயைப் பறிகொடுத்து ஓடிய கார்லுக்கு அப்படி ஆகவே முடியாததையும் ஒரே வழக்கில் கிர்க்மன் எதிரெதிரே நிறுத்துகிறார். அந்த வழக்கை விசாரிக்கும் நீதிபதியாக மிஷோனை அமர்த்தியது, தொடர் முழுவதிலும் அவர் செய்த மிகச் சரியான தேர்வு என்பது என் எண்ணம்.