கன்ஃபவுண்டிங்: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

செவிலியர் பட்டப்படிப்பு முதலாண்டுக்கான புள்ளியியல் பாடம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் அலகு, ஆய்வு வடிவமைப்பு. வெள்ளி இரவுக்குள் கோப்பு போயாக வேண்டும். மாறி, மாறிலி, சார்ந்த மாறி, சாரா மாறி, ஒட்டுறவு எல்லாம் பள்ளிப் பாடநூலில் உள்ளபடியே வைத்துக்கொண்டேன். கன்ஃபவுண்டிங் வேரியபிளில் (காரணத்தோடும் விளைவோடும் தொடர்பு கொண்டு ஒப்பீட்டைத் திசைதிருப்பும் மாறி) வந்து முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

மூலத்தில் உள்ள எடுத்துக்காட்டு, 1986-ல் பிரிட்டனில் வெளியான சிறுநீரகக் கல் ஆய்வு. திறந்து அறுத்துக் கல்லை எடுத்த 350 பேரில் 273 பேருக்குப் பலன், அதாவது 78 சதவீதம். தோலில் சிறு துளையிட்டு எடுத்த 350 பேரில் 289 பேருக்குப் பலன், 83 சதவீதம். சரி, துளைதான் மேல் என்று நினைக்கும்போதே கல்லின் அளவுப்படி பிரித்துக் காட்டுகிறார்கள். சின்னக் கல்லில் அறுவை 87-க்கு 81, துளை 270-க்கு 234. பெரிய கல்லில் அறுவை 263-க்கு 192, துளை 80-க்கு 55. சதவீதம் போட்டுப் பாருங்கள்: சின்னக் கல்லில் அறுவை 93, துளை 87; பெரிய கல்லில் அறுவை 73, துளை 69. இரண்டு பிரிவிலும் அறுவையே மேல்! பெரிய கல்காரர்களைப் பெரும்பாலும் அறுவைக்கு அனுப்பியிருக்கிறார்கள். பெரிய கல் எந்த முறையிலும் தொல்லைதான்.

கல்லின் அளவு இங்கே செய்யும் வேலைக்கு ஒரு பெயர் வேண்டும். அது வினையாகவும் வர வேண்டும், ஏனென்றால் ‘அளவு இந்த ஒப்பீட்டைக் கன்ஃபவுண்ட் செய்கிறது’, ‘கன்ஃபவுண்ட் ஆன முடிவு’ இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. இப்போதைக்கு ‘குழப்பும் மாறி’ என்று போட்டிருக்கிறேன். மனசு ஒப்பவில்லை.

— சென்னை

*

> இப்போதைக்கு ‘குழப்பும் மாறி’ என்று போட்டிருக்கிறேன்

வேண்டாம்ங்க. மேல்நிலை வகுப்பில் சார்ந்த மாறி, சாரா மாறி என்று பலகையில் எழுதும்போதே கடைசி பெஞ்சிலிருந்து ‘மொள்ளமாறி’ என்று ஒரு குரல் வரும். முன்னால் ‘குழப்பும்’ என்று வேறு சேர்த்தால் அன்றைய வகுப்பு அவ்வளவுதான். ‘மறைமாறி’ என்று வைக்கலாமே? ஒளிந்திருந்து வேலை செய்வதுதானே அது.

— திண்டுக்கல், அரசுப் பள்ளி

*

டீச்சர், மறைமாறி அழகான சொல்தான், ஆனால் இதற்குப் பொருந்தாது. கல்லின் அளவு எங்கே மறைந்திருந்தது? படம் எடுத்து, அளந்து, கேஸ் ஷீட்டில் எழுதி, அதைப் பார்த்துத்தானே மருத்துவர் சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தார்? அளக்காமல் விட்டதைச் சொல்ல ‘லர்க்கிங்’ என்று தனியாக ஒன்று இருக்கிறது. மறைமாறியை அதற்கு எடுத்து வையுங்கள்.

எந்தச் சொல் வந்தாலும் மூன்று விஷயம் அதில் அடங்க வேண்டும். அது விளைவைத் தானே பாதிக்க வேண்டும். நாம் ஆராயும் காரணத்தோடும் அதற்குத் தொடர்பு இருக்க வேண்டும். காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவே உள்ள படியாக அது இருக்கக் கூடாது. மாணவர்கள் வழுக்குவது இந்த மூன்றாவதில்தான். புகைபிடித்தால் நுரையீரலில் தார் படிகிறது, தாரினால் புற்று வருகிறது. தார் இங்கே நடுவழி. தாரின் அளவைச் சமன்செய்து கணக்குப் போட்டால் புகையின் குற்றத்தையே பாதி அழித்துவிடுவோம். காபி அப்படி இல்லை. புகைப்பவர்கள் காபியும் அதிகம் குடிக்கிறார்கள் என்றால், காபிக்கும் நுரையீரல் புற்றுக்கும் தொடர்பு இருப்பது போல ஏட்டில் தெரியும். அங்கே புகைதான் நீங்கள் பெயர் தேடும் ஆள்.

— சமூக மருத்துவத் துறை, மதுரை

*

அன்புடையீர்,

இவ்வளவு அலைய வேண்டியதில்லை. இலத்தீனில் ‘கொன்ஃபுந்தெரே’ என்றால் ஒன்றாக ஊற்றுதல். இரண்டு நீரை ஒரு குடத்தில் ஊற்றினால் எது எதுவென்று தெரியாது. குழப்பம் என்ற பொருள் பின்னால் வந்தது. தமிழில் இதே வழியில் நடந்த சொல் ‘மயங்கு’. இன்றைக்குத் தலைசுற்றல், காதல், அந்தி என்று அலைகிறதே தவிர, அதன் பழம்பொருள் கலத்தல். மெய்ம்மயக்கம் என்றால் மெய்யெழுத்துகள் தலைசுற்றி விழுந்தன என்றா பொருள்? ‘க்’ உடன் ‘க்’ சேர்ந்தால் உடனிலை, ‘ட்’ உடன் ‘க்’ சேர்ந்தால் வேற்றுநிலை. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் மூன்றாம் இயலுக்கே வேற்றுமை மயங்கியல் என்றுதான் பெயர். ஓர் உருபு நிற்க வேண்டிய இடத்தில் இன்னொன்று வந்து நிற்கிறது. சிகிச்சையின் பலன் தெரிய வேண்டிய இடத்தில் கல்லின் பலன் வந்து நிற்பதும் அதுதானே?

ஆகவே மயக்கு, மயக்கி, மயக்கம், மயங்கிய முடிவு. வினை கேட்டீர்கள், எல்லா வடிவமும் தயார். இகர விகுதிக்கு வள்ளுவரின் ‘சேர்ந்தாரைக் கொல்லி’யே சாட்சி.

— கும்பகோணம்

*

ஐயா, சொன்ன விதத்தைப் படிக்கவே சுகமாக இருந்தது. ஆனால் எங்கள் கல்லூரியில் மயக்கவியல் துறை அடுத்த கட்டிடம்! ‘மயக்க மருந்து ஆய்வில் நோயாளியின் வயது ஒரு மயக்கி’ என்று எழுதினால் முதலாண்டுச் செவிலியர் மாணவி வயதையே ஊசியில் ஏற்றப் பார்ப்பாள்.

— மதுரை

*

நான் வேளாண் புள்ளியியல்காரன். இந்தச் சொல் எங்கள் வயலில் முளைத்தது என்பதை யாரும் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன்.

தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஒவ்வொன்றையும் போட்டும் போடாமலும் பார்த்தால் எட்டுச் சேர்க்கை வரும். ஒரே தரமான மண்ணில் நான்கு பாத்திதான் கிடைக்கிறது என்றால் எட்டையும் இரண்டு தொகுதியாகப் பிரிக்க வேண்டும். ஆய்வு வடிவமைப்புக்கு அடித்தளமிட்ட புள்ளியியலாளர் ஃபிஷரின் வழிவந்தவர்கள் எப்படிப் பிரித்தார்கள் தெரியுமா? மூன்று சத்தும் சேர்ந்து செய்யும் கூட்டு விளைவு மட்டும் தொகுதி வேறுபாட்டோடு கலந்துபோகும்படி. பெரும்பாலும் அது அற்பமாக இருக்கும், போனால் போகட்டும் என்று தெரிந்தே கலக்கவிட்டார்கள். ஒவ்வொரு சத்தின் தனி விளைவும் சுத்தமாகக் கிடைத்துவிடும். இதுவும் கன்ஃபவுண்டிங்தான். இதில் யாருக்குக் குழப்பம்? ‘குழப்பும்’ என்ற சொல்லை நான் மறுப்பது இதனால்தான். குடந்தை ஐயாவின் மயக்கம் எங்களுக்குச் சரியாகப் பொருந்துகிறது.

ஃபிஷர் பெயர் வந்ததால் இன்னொன்று. 1950-களின் கடைசியில் புகைக்கும் புற்றுக்கும் உள்ள தொடர்பை அவர் ஏற்க மறுத்தார். ஏதோ ஒரு மரபணு, புகைக்கும் ஆசையையும் புற்றையும் சேர்த்தே தரலாமே என்று கேட்டார். புள்ளியியலாளர் கார்ன்ஃபீல்டும் கூட்டாளிகளும் 1959-ல் பதில் சொன்னார்கள்: புகைப்பவருக்கு ஆபத்து ஒன்பது மடங்கு என்றால், அதை முழுக்கத் தன் தலையில் சுமக்கும் மரபணு புகைப்பவரிடம் குறைந்தது ஒன்பது மடங்கு அதிகமாகக் காணப்பட வேண்டும். அப்படி ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம் என்பதுதான் அதன் சாரம். சும்மா ‘வேறு ஏதாவது இருக்கலாம்’ என்று கை காட்டுபவர்களுக்கு இன்றும் அந்தக் கணக்குதான் மருந்து.

— கோவை

*

வணக்கம். எங்கட பக்கம் புள்ளிவிபரவியல் என்றுதான் சொல்லுவம். இங்கே வகுப்பில் ‘குழப்பும் மாறி’ என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன், பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த வசவு பாக்கு நீரிணையைத் தாண்டவில்லைப் போலும்.

அது இருக்கட்டும். அந்தப் பாடத்தில் கன்ஃபவுண்டிங்குக்கு மாற்று என்ன என்று வரும்போது ரேண்டம் ஒதுக்கீடு (யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் போல முடிவு செய்வது) வருமே, அதற்கு என்ன போட்டிருக்கிறீர்கள்? தமிழ்நாட்டுப் புத்தகத்தில் உள்ள ‘சமவாய்ப்பு’ என்றால் எனக்கு ஆட்சேபம் உண்டு. சமவாய்ப்பு மாறி என்கிறீர்கள், அதன் மதிப்புகளுக்குச் சமமான வாய்ப்பு இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லையே? ஒருபக்கம் கனத்த தாயக்கட்டையைப் போட்டாலும் அது ரேண்டம்தான். நாங்கள் எழுமாற்று என்கிறோம். எழுமாற்று மாறி, எழுமாற்று மாதிரி. அதற்குள் பொய் எதுவும் இல்லை.

— யாழ்ப்பாணம்

*

> அதற்குள் பொய் எதுவும் இல்லை

பொய் இல்லை அண்ணா, பொருளும் இல்லையே! எங்கள் பிள்ளைகளிடம் எழுமாற்று என்றால் ஏழு மாற்றா, எழுத்து மாற்றா என்று கேட்பார்கள். சமவாய்ப்பு தப்பென்றாலும் குலுக்கல் சீட்டு போல என்றாவது பிடிபடுகிறது.

சரி, மறைமாறி போகட்டும். ‘ஊடாடி’ எப்படி? நடுவில் புகுந்து ஆடுவது.

— திண்டுக்கல்

*

டீச்சர், ஊடாட்டம் என்பதை (ஒரு காரணியின் விளைவு இன்னொன்றைப் பொறுத்து மாறுவது) இன்டராக்‌ஷனுக்கு ஏற்கெனவே புழங்குகிறார்கள். அதுவும் இதுவும் ஒரே அலகில் வரும். மாணவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். (பார்த்தீர்களா, எனக்கே அந்தச் சொல்தான் வருகிறது.)

— கோவை

*

எழுமாற்றை அவ்வளவு எளிதாகத் தள்ள வேண்டாம் அம்மா. எழு என்பது தானாக எழுதல். மாற்று, ஒன்றுக்கு ஒன்று மாறி வருதல். யாரும் திட்டமிடாமல் எழுந்து மாறி வருவது. இது என் ஊகம்தான், ஆனால் வலுவான ஊகம். எழுவாயின் எழுவும் இதுவும் ஒன்று. எழுவாய் என்பது…

(இதற்குப் பின் நான் எழுதியிருந்த நீண்ட பகுதியைத் தனி இழையாகப் போடுகிறேன்.)

கோவை அன்பர் வழிமொழிந்ததில் மகிழ்ச்சி. அவருக்காக ஒன்று: அகத்திணையில் திணைமயக்கம் கூடும், ஆனால் நிலம் ஒருங்கு மயங்கக் கூடாது என்பது தொல்காப்பிய மரபு. பாத்தியைத் தொகுதியாகப் பிரித்து நிலத்தின் வேறுபாட்டைக் கட்டுக்குள் வைக்கிறீர்களே, அதற்கு இதைவிடப் பழைய ஆதரவு எங்கே கிடைக்கும்?

— கும்பகோணம்

*

ஐயா, முதற்பொருளையும் உரிப்பொருளையும் வயல் வரப்பில் கொண்டுவந்து நிறுத்திவிட்டீர்கள். மறுக்க மனம் வரவில்லை, ஏற்க அறிவு விடவில்லை.

— கோவை

*

எல்லோரும் கொஞ்சம் தரைக்கு வாருங்கள். செவிலியர் மாணவிகளுக்கு நம் ஊர் எடுத்துக்காட்டே இருக்கிறது. 1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியதும் எடுத்த கேள்வி, நோயாளியைச் சானடோரியத்தில் படுக்க வைக்க வேண்டுமா, வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் போதுமா என்பதுதான். சும்மா இரண்டு கூட்டத்தை ஒப்பிட்டிருந்தால் என்ன ஆகும்? யார் சானடோரியத்துக்குப் போகிறார்கள் என்பதை நோயின் கடுமை, காசு, வீட்டு நிலை எல்லாம் தீர்மானிக்கும். குணமாவதையும் அதே சங்கதிகள்தான் தீர்மானிக்கும். கல்லின் அளவு செய்த அதே வேலை.

அவர்கள் 193 நோயாளிகளை ரேண்டமாகப் பிரித்தார்கள். சமவாய்ப்போ எழுமாற்றோ, உங்கள் சண்டையை அப்புறம் முடித்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு மோசம், இடநெருக்கடி, போதிய ஓய்வும் இல்லை. ஆனாலும் ஒரு வருட முடிவில் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே பலன். 1959-ல் உலக சுகாதார நிறுவன இதழில் வந்தது. காசநோய்க்குப் படுக்கையும் மலைக்காற்றும் கட்டாயம் என்ற நம்பிக்கையை ஆட்டிய ஆய்வுகளில் அது முக்கியமானது. வீட்டில் மோசமான சாப்பாட்டோடும் ஏன் தேறினார்கள் என்று வாதாட முடிந்ததே பிரித்த விதத்தால்தான். சீட்டு எடுத்தவுடன் கடுமை, காசு, நமக்குத் தெரியாதவை எல்லாமே இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றுபோல் போய்விடும். குலுக்கல் சில சமயம் கோணலாகவும் விழும் என்பதை மட்டும் மறைக்காமல் சொல்லிக்கொடுங்கள்.

சொல்லுக்கு வருகிறேன். குழப்பு என்றால் குழம்புவது யார், ஆய்வாளரா, ஒப்பீடா? ‘ஒப்பீட்டைக் குழப்புகிறது’ என்று எப்போதும் செயப்படுபொருளோடு சேர்த்து எழுதினால் பொருள் தவறாது. மாறி வேண்டாம், காரணி போடுங்கள். திண்டுக்கல்லின் சிரிப்புப் பிரச்சினையும் தீரும்.

— மதுரை

*

காரணியா? எண்ணின் காரணி, சோதனையில் நாம் கொடுக்கும் காரணி, இப்போது குழப்பும் காரணி. ஒரே தலையில் எத்தனை தொப்பி?

— கோவை

*

இன்னும் எட்டு மணி நேரம்தான் இருக்கிறது. இதுவரை வந்ததை எண்ணிப் பார்த்தேன். ‘குழப்பும் காரணி’க்கு மதுரை, திண்டுக்கல் இரண்டும் சரி. மாறியை விட்டது பிடிக்கவில்லை, ஆனால் குழப்பும் என்பது இருக்கிறதே என்று யாழ்ப்பாணம் அரை வாக்கு. மயக்கத்துக்குக் கும்பகோணம், கோவை. என் வாக்கையும் சேர்த்துக் ‘குழப்பும் காரணி’ என்று போடுகிறேன். வினையில் ‘ஒப்பீட்டைக் குழப்புகிறது’, ‘குழம்பிய ஒப்பீடு’. சொல்லடைவில் ‘மயக்கம்: காரணிச் சோதனைகளில் வழங்குவது’ என்று ஒரு வரி சேர்க்கிறேன். ரேண்டத்துக்குப் பாடநூலில் உள்ள சமவாய்ப்பையே வைத்து, எழுமாற்று என்பதை இலங்கை வழக்காகக் கீழே குறிக்கிறேன். காசநோய் ஆய்வையும் ஒரு பெட்டியில் கொடுத்துவிட்டேன், டாக்டரம்மாவுக்கு நன்றி.

— சென்னை

*

‘இலங்கை வழக்கு’ என்று கீழே போட்டால் மேலே உள்ளது பொது வழக்காகிவிடும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கோ. அதுக்கு எட்டு மணி நேரம் தேவையில்லை.

— யாழ்ப்பாணம்

*

போடுங்கள், வெள்ளிக்கிழமை யாருக்காகவும் காத்திருக்காது. என் உடன்பாடின்மையைப் பதிந்துகொள்ளவும். வெளியிலிருந்து எதுவும் வந்து எதையும் குழப்பவில்லை. இரண்டு விளைவுகள் ஒன்றில் ஒன்று மயங்கின, அவ்வளவே. அடுத்த அலகில் கொலைடர் (இரண்டு காரணங்கள் வந்து மோதும் மாறி) வருகிறது என்று கேள்விப்பட்டேன். அதற்கு ‘முட்டி’ என்று யாரேனும் சொல்வதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

— கும்பகோணம்