'ஐடியா' என்ற சொல்லின் பிறப்பும் பொருளும்: வகுப்பில் எழுந்த ஒரு கேள்வி

கோத்தகிரி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகில் ஒரு பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும், வீட்டில் படுக மொழி பேசும் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் வகுப்பு அது. எந்த வீட்டிலிருந்து வந்தாலும் எல்லோர் வாயிலும் 'ஐடியா' என்ற சொல் தடையின்றி வருகிறது. "ஒரு ஐடியா சொல்லு" என்றால் வழி கேட்கிறார்கள், "கோவையில் படிக்கிற ஐடியா இருக்கிறதா?" என்றால் விருப்பத்தைக் கேட்கிறார்கள்; "அதைப் பற்றி ஐடியா இல்லை" என்றால் தெரியாது என்கிறார்கள்.

'ஐடியா'வுக்கும் 'வித்யா'வுக்கும் உறவு உண்டா என்று ஒரு மாணவி கேட்டாள். கழுத்தில் தொங்கும் ஐடி கார்டில் இருப்பதும் இதே சொல்தானா என்று ஒரு மாணவன் கேட்டான். ஓசையை மட்டும் நம்பி விடை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாவேன்.

குன்னூர் வாசகர்:

வணக்கம் அம்மா. அந்த மாணவி கேட்டது மிக நல்ல கேள்வி. இரு சொற்களும் 'யா' என முடிவது தற்செயல்தான். ஆனால் அவற்றின் வேர் உண்மையிலேயே ஒன்று. 'ஐடியா'வின் மூலமான 'இதேயா' என்பது கிரேக்கச் சொல். தோற்றம், வடிவம் என்பன அதன் முதற்பொருள்கள். 'காணுதல்' என்று பொருள்படும் 'இதெய்ன்' என்ற வினையோடு அது சேர்ந்தது. கிரேக்கம், இலத்தீன், சமஸ்கிருதம் முதலியவை அடங்கிய இந்திய-ஐரோப்பிய மொழிகளின் மூலத்தில் காண்பதையும் அறிவதையும் குறித்த வேர் ஒன்று இருந்தது. அதன் முதலில் நின்ற வகர ஒலியைக் கிரேக்கம் காலப்போக்கில் இழந்துவிட்டது. சமஸ்கிருதம் இழக்கவில்லை, ஆகவே அங்கே 'வித்', 'வித்யா', 'வேத' என்று நிற்கிறது. இலத்தீனில் அதே வேர் 'விதேரே', அதாவது காணுதல் என்றானது. நம் கைப்பேசியில் ஓடும் வீடியோ அந்த வழியில் வந்தது. கிரேக்கர் 'நான் அறிவேன்' என்பதற்குச் சொன்ன 'ஓய்த' என்ற வடிவம், இலக்கண அமைப்பின்படி 'நான் கண்டிருக்கிறேன்' என்பதுதான். கண்டவன் அறிந்தவன் என்ற எண்ணம் அந்த மொழியின் வினைச்சொல்லிலேயே உறைந்திருப்பதை உங்கள் மாணவர்களுக்குத் தவறாமல் சொல்லுங்கள்.

ஐடி கார்டுக்கு இதனோடு உறவு இல்லை. அந்த 'ஐடி', 'அதுவே' என்று பொருள்படும் 'இதெம்' என்ற இலத்தீன் சொல்வழி வந்தது.

உதகை, தத்துவ மாணவர்:

குன்னூர் ஐயா சொன்னதன் தொடர்ச்சியாகப் பொருள் மாறிய வரலாற்றைச் சொல்கிறேன். கி.மு. 4 ஆம் நூற்றாண்டில் கிரேக்கத் தத்துவ அறிஞர் பிளேட்டோ இச்சொல்லைக் கையாண்டபோது, அது மனத்துக்குள் தோன்றும் எதையும் குறிக்கவில்லை. ஆடி மாத மழையில் ஈரம் ஏறிய கரும்பலகையில் சாக்பீஸால் ஒரு முக்கோணம் வரைந்து பாருங்கள். கோடு சில இடங்களில் பற்றாது, சில இடங்களில் தடித்துவிடும். எவ்வளவு கவனமாக வரைந்தாலும் அதன் கோணங்களின் கூடுதல் சரியாக 180 பாகையாக அமையாது. ஆனாலும் நாம் மெய்ப்பிக்கும் தேற்றம் குறையற்ற முக்கோணத்தைப் பற்றியது. எவரும் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும் நிலைத்திருக்கும் அந்தக் குறையற்ற வடிவமே பிளேட்டோவின் 'இதேயா'. 'ஐடியல்' என்ற சொல்லில் இப்பொருள் இன்றும் தங்கியிருக்கிறது.

பின்வந்த அகஸ்டின் போன்ற கிறித்தவச் சிந்தனையாளர்கள் அவ்வடிவங்களை இறைவனின் உள்ளத்தில் வைத்தார்கள். 17 ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் தெக்கார்த்து அச்சொல்லை மனித மனத்துக்குக் கொண்டுவந்தார். 1689 இன் இறுதியில் வெளிவந்த தம் நூலில் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக், ஒருவர் சிந்திக்கும்போது அவர் அறிவுக்கு எட்டும் எதையும் 'ஐடியா' என்றே அழைத்தார். வானத்துக்கு அப்பாலிருந்த சொல் ஒவ்வொருவர் தலைக்குள்ளும் வந்தது அப்போதுதான் என்பது என் கருத்து. உங்கள் மாணவர்கள் சொல்லும் 'ஐடியா' பிளேட்டோவைவிட லாக்குக்கே நெருக்கமானது. 1796 இல் பிரெஞ்சு அறிஞர் தெஸ்த்யூத் த திராசி, இத்தகைய எண்ணங்களை ஆராயும் அறிவியலுக்கு 'ஐடியாலஜி' என்று பெயரிட்டார். அரசியல் கோட்பாடு என்ற பொருள் அதற்குப் பின்னர்தான் ஏறியது.

கொடைக்கானல் வாசகி:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். தமிழ்ப் பக்கத்தையும் சேர்த்துச் சொன்னால் வகுப்பு இன்னும் சிறக்கும். 'எண்ணம்' என்பது எண்ணுதலிலிருந்து வருவது. கணக்கிடுவதும் நினைப்பதும் நமக்கு ஒரே வினை. 'கருது' என்பதிலிருந்து 'கருத்து' வந்தது. 'யோசனை' வடமொழியில் இணைத்தல் என்ற பொருளுடைய வேரிலிருந்து வந்தது. தொலைவை அளக்கும் 'யோசனை'யும் அதே சொல்தான். காண்பதையும் அறிவதையும் இணைக்கும் வழக்கு நம்மிடமும் உண்டு. "மாசறு காட்சி யவர்க்கு" என்று வள்ளுவர் 352 ஆம் குறளில் சொல்வது கண்ணால் காண்பதை அன்று, மெய்யறிவை.

கோத்தகிரி ஆசிரியை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மொழிபெயர்ப்புப் பயிற்சியில் எல்லா இடத்திலும் 'கருத்து' என்றே எழுதச் சொல்லலாமா?

கொடைக்கானல் வாசகி:

வேண்டாம் என்பேன். வழி கேட்டால் யோசனை, விருப்பம் என்றால் எண்ணம், வாதத்தில் வந்தால் கருத்து. "ஐடியா இல்லை" என்பதற்கோ "தெரியாது" என்று எழுதினாலே போதும்.