டிரெடில்ல வாழ்த்து அட்டை: ஓரத்துல மை பிதுங்குது, கீழ்ப்பாதி மட்டும் அழுந்துது

காட்பாடிக்காரன்:
வேலூர் காகிதப்பட்டறை பக்கம் சின்ன லெட்டர்பிரஸ் கடை. 10×15 அங்குல டிரெடில், வாய் மாதிரி மூடி அழுத்துற அச்சு மெஷின். பொங்கல் வாழ்த்து, கல்யாணப் பத்திரிகைதான் வேலை. 1.52 மி.மீ. பாலிமர் பிளேட்டை (எழுத்து மேடா நிக்கிற பிளாஸ்டிக் தகடு) அலுமினிய பேஸ்ல ஒட்டி 300 ஜிஎஸ்எம் பருத்தி அட்டையில அடிக்கிறேன். எழுத்தைச் சுத்தி மை வரம்பு கட்டி நிக்குது. மையைக் குறைச்சா நடுவுல வெளுக்குது. அட்டையோட கீழ்ப்பாதி நல்லா பதியுது, மேல்பாதி பட்டும் படாம இருக்கு. பேக்கிங் (அட்டைக்குப் பின்னால வைக்கிற தாள் அடுக்கு) ஏத்தினா இன்னும் மோசம். மத்தியான வெயில்ல எல்லாமே கூடுது. எங்க கோளாறு?

பழைய பாரம்:
மை மேல பழி போடாதீங்க தம்பி. பேஸ், பிளேட், ஒட்டு டேப் மூணையும் சேர்த்து மைக்ரோமீட்டர்ல அளங்க. எழுத்து உயரம் 0.918 அங்குலம், அதாவது 23.3 மி.மீ. வரணும். அப்புறம் ரோலர். மை ஏத்தின ரோலருக்கு அடியில அதே உயர கேஜை (அளவுக் கட்டை) தள்ளிப் பாருங்க. சுமார் 3 மி.மீ. அகலத்துக்கு மைக்கோடு விழுந்தா சரி. 6 மி.மீ. விழுந்தா ரோலர் இறங்கிக் கிடக்கு. எழுத்தோட விளிம்புல முட்டி பக்கச் சுவர்லயும் மையைத் தேய்ச்சிட்டுப் போகும். அழுத்தும்போது அந்த மைதான் வரம்பா வெளிய வருது. ரோலர் சக்கரம் ஓடுற ரெயில்ல டேப்பை ஒவ்வொரு அடுக்கா ஒட்டி ஏத்துங்க. ரெண்டு ரெயில்லயும் மேல, நடு, கீழன்னு தனித்தனியா கேஜ் வைங்க, பழைய மெஷின்ல ரெயில் ஒரே சீரா தேய்ஞ்சிருக்காது. ரோலர் சக்கரத்தோட விட்டம் ரோலரோட ஒத்துப் போகலன்னா உருளாம வழுக்கும், வரம்பு அதுலயும் வரும்.

டிரெடில் பைத்தியம்:
கீழ்ப்பாதி விஷயம் வேற. டிரெடில் கீழ கீல் வெச்சு வாய் மூடுற மெஷின். பிளாட்டனும் (அட்டையை அழுத்துற தட்டு) பாரமும் (மை ஏறுற எழுத்துப் பக்கம்) ஒரே ஒரு கனத்துலதான் இணையா நிக்கும். பேக்கிங் அதுக்கு மேல போனா கீழ்ப்பக்கம் முதல்ல கடிக்கும். அதனால பேக்கிங்கை எடுங்க, ஏத்தாதீங்க. மிச்சம் இருக்கிறதும் கெட்டியா இருக்கட்டும்: பிரஸ் போர்டு ஒண்ணு, ஆர்ட் பேப்பர் ரெண்டு. நியூஸ்பிரிண்ட் அடுக்கினா அழுத்தம் பரவி அட்டையோட முதுகு புடைக்கும்.

அப்பவும் சாய்ஞ்சா செஸ்ல (எழுத்தைப் பூட்டுற சட்டம்) நாலு மூலையிலயும் ஒரே எழுத்தை வெச்சு, அடிக்கப் போற அதே அட்டையில ஒரு பிரதி எடுங்க. பிளாட்டனோட கீழ் ரெண்டு போல்ட்டை கால் சுத்து கால் சுத்தா பின்னால விடுங்க, ஒவ்வொரு தடவையும் பூட்டு நட்டை இறுக்குங்க. முதல் சுத்தைக் கையாலதான் ஓட்டணும். பேக்கிங் அதிகமா இருக்கும்போது மோட்டாரைப் போட்டா வார்ப்பிரும்புக் கை விரிசல் விடும்; அதுக்கு வெல்டிங் பண்ணி நம்பி ஓட்ட முடியாது.

சத்துவாச்சாரி அச்சகம்:
வெயிலுக்கு ரெண்டு வார்த்தை. பசை ரோலரா இருந்தா மே மாசத்துல இளகிடும், ரப்பருக்கு மாறுங்க. இளகின மைக்கு மெக்னீசியம் கார்பனேட் ஒரு சிட்டிகை கலந்தா இறுகும். வேலையைக் காலை பத்துக்குள்ள முடிச்சுக்கிறது உத்தமம்.

அப்புறம் தமிழுக்குன்னே ஒரு தொல்லை. 8 பாயிண்ட்டுல மெல்லிய எழுத்து போட்டு பிளேட்டுக்கு அனுப்பினா கழுவும்போதே புள்ளி உதிர்ந்துடும், ‘அக்கா’ ‘அககா’ ஆயிடும். புள்ளி குறைஞ்சது 1 பாயிண்ட், கோடு 0.35 பாயிண்ட் வைங்க. ‘கி’, ‘ணி’ சுழியோட உள்வாயைக் கொஞ்சம் திறந்து விடுங்க, மை அங்கதான் அடைக்கும். பிளேட்டைத் தண்ணியில துடைக்காதீங்க, தண்ணியில கழுவி எடுக்கிற பிளேட் அது, ஊறி மெதுவாயிடும். துணியில கொஞ்சமா மண்ணெண்ணெய் போதும்.

காட்பாடிக்காரன்:
நன்றிண்ணா. டேப் முதல்ல ஒட்டவா, போல்ட்ல கை வைக்கவா?

பழைய பாரம்:
உயரம், ரோலர், பேக்கிங், கடைசியா போல்ட். ரோலர் சரியானதும் மையைச் சுண்டைக்காய் அளவுல ஆரம்பிச்சு ஏத்துங்க. நூறு அட்டை ஆர்டருக்கு பதினஞ்சு அட்டையாவது கூடுதலா வெட்டி வைங்க, செட் பண்றதுலயே போயிடும்.